பசு எண் பதினான்கு

நாரின் ஊர்க் கால்நடை மருத்துவமனையில்
கணக்கெழுதுகிறவள் நான், புருல்கான்.
ஆறு வருஷமாய்க் காலை எட்டு மணிக்கு
என் கம்ப்யூட்டர் திரை கறுத்து
மூலையில் ஒரு வரி எழுதும்:
"நீங்கள் மோசடிக்கு ஆளாகியிருக்கலாம்."

இருக்கலாம். யார் இல்லை என்றது?
குதிரையைப் பறிகொடுத்தவன்கூட
ஒருமுறை வந்து கத்திவிட்டுப் போவான்.
தினமும் வந்து வாசலில் நிற்கமாட்டான்.

உரிமம் வாங்கக் காசு கேட்டேன்.
ஆட்டுக்கு ஊசிமருந்தே கடன் என்றார் டாக்டர் ஷைலோபெக்.

பிறகு பிஷ்கெக் வேன் ஓட்டுநர் கையில்
ஒரு கம்பளிக் காலுறை வந்தது.
உள்ளே பென் டிரைவ்.
கூடப் படித்த ஆய்சூரெக்கின் சீட்டில் ஒரே வரி:
"எஃப் பன்னிரண்டை அமுக்கு, பயப்படாதே."

பயந்தேன்.
வட்டில் உள்ளதெல்லாம் அழியும் என்றது அது.
நாலாயிரத்துச் சொச்சம் ஆடுகள்,
ஒவ்வொன்றின் காது எண்.
நகல் எடுத்தேனா என்று மூன்று தடவை பார்த்தேன்.
எடுத்திருந்தேன்.
நாலாம் தடவையும் பார்த்தேன்.

எழுபத்தொரு சதவீதத்தில் கரண்ட் போனது.
ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
பேட்டரி செத்து நாலு வருஷம்.
பழையதும் இல்லை, புதியதும் இல்லை,
இருட்டில் நானும் ஒரு வெறும் பெட்டியும்.
பக்கத்து அறையில் மயக்கம் தெளிந்து
ஒரு கன்று கத்தியது.

மறுநாள் முதலிலிருந்து.
உன் மொழி எது என்று கேட்டது.
கை தானாக ரஷ்யனுக்குப் போய்
பாதி வழியில் நின்றது.
குர்திஷுக்கும் லாவோவுக்கும் நடுவே
நெரிசல் பஸ்ஸில் ஒண்டி உட்கார்ந்தவள்போல்
எங்கள் மொழி.

இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்:
பழைய விசைப்பலகையில் எங்கள் எழுத்து மூன்று இல்லை.
உய் என்றால் பசு.
உதட்டைக் குவித்து நாக்கை முன்னே தள்ளி
அதையே சொன்னால் வீடு.
எழுதும்போது கால் சாய்ந்தால் பசு,
நேரே நின்றால் வீடு.
நேரே நிற்கும் கால் என்னிடம் இல்லை.
ஆகவே என் பதிவேட்டில் ஆறு வருஷமாய்
ஊரே பசுவில் குடியிருந்தது.
துர்துபூபூ, பசு எண் பதினான்கு, ஆற்றோரத் தெரு.
ஒருஸ்பெக், பசு எண் மூன்று, பின்பக்க வாசல்.
தணிக்கைக்கு வந்தவர் சிரிக்கவில்லை.
அவர் ஊரிலும் அப்படித்தான்.

இரண்டு நாள் பிரிண்டர் பேசவில்லை.
டாக்டர் பேசினார், நிறைய.

திற, சேமி, அச்சிடு வரை எங்கள் மொழி.
அதற்குக் கீழே ஆங்கிலம்.
யாரோ இதுவரை மொழிபெயர்த்து நிறுத்தியிருக்கிறார்.
பிள்ளை பிறந்ததா,
மாஸ்கோவுக்குக் கூலிக்குப் போனாரா,
அவர் வீட்டிலும் கரண்ட் போனதா.

உரிமப் பக்கத்தை முழுதும் படித்தேன்,
இதுவரை எதையும் அப்படிப் படித்ததில்லை.
பிரதி எடு, பிரித்துப் பார், மாற்று, யாருக்கும் கொடு.
உத்தரவாதம் மட்டும் எதற்கும் கிடையாது.
என் கல்யாணத்தில்
இதை யாரும் வாசித்துக் காட்டவில்லை.

இப்போது அந்தக் கால் இருக்கிறது.
ஒரு விசை, நேரே நிற்கிறது.
எல்லாவற்றையும் மாற்றவா என்று கேட்டது பொத்தான்.
ஆம் என்று அமுக்கப்போய் விரலை எடுத்தேன்.
அமுக்கினால்
வீடுகள் கன்று போடும்,
வீடுகளுக்குக் கோமாரி ஊசி போட்டிருப்போம்.

ஒவ்வொன்றாகத்தான்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
இது பசு. இது வீடு. பசு. பசு. வீடு.
டீ ஆறிப் போனது.

நூற்றுநாற்பதாம் பக்கத்தில்
என் கையாலேயே அடித்தது:
"ஒருஸ்பெக். மார்ச், பெரும்பனி.
உய் விழுந்தது. இழப்பீடு இல்லை."

எது விழுந்தது?
நான்தான் அடித்தேன், எனக்கு நினைவில்லை.
அவர் எதிரில் நின்று சொல்லியிருப்பார்,
தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு.

போன் போட்டிருக்கிறேன்.
மணி அடித்துக்கொண்டிருக்கிறது.